ராயபுரத்திலிருந்து ஜாலி பாய் தீவுக்கு

டாக்சி எரிச்சலை முதலில் எழுதித் தீர்த்துவிடுகிறேன். இல்லையென்றால் கடலைப் பற்றி எழுத மனம் ஓடாது. அந்தமானில் போர்ட் பிளேரிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வண்டூர் படகுத்துறைக்குப் போய்த் திரும்ப முதல் நாள் இரவே 2,000 ரூபாய் பேசிய ஓட்டுநர், துறை கண்ணுக்குத் தெரிந்ததும் வண்டியை ஓரங்கட்டி, வெயிட்டிங்குக்குத் தனியாக 800 ரூபாய் வேண்டும் என்றார். தீவுக்குப் போகிறவர்கள் பிற்பகல்வரை திரும்ப மாட்டார்கள் என்பது இரவில் அவருக்குத் தெரியவில்லையாம். ராயபுரத்து ஆட்டோக்காரர்களோடு பேரம் பேசியே பழகிய என் மாமா எவ்வளவோ வாதாடியும், படகு போய்விடும் என்ற பயத்தில் 500 ரூபாய்க்கு ஒத்துக்கொண்டோம். இரவு நண்டு வறுவலுக்கென்று ஒதுக்கியிருந்த பணம் அது.

துறையில் பைகளைச் சோதித்தவர்கள், அத்தை பாலிதீன் உறையில் கட்டித் தந்திருந்த புளிசாதத்தை எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றச் சொன்னார்கள். 1983ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது ஜாலி பாய். அங்கே பிளாஸ்டிக் கூடாது, கடையும் கிடையாது. காசிமேட்டில் வலையோடு ஏறிவரும் குப்பையைப் பார்த்தவர்கள் இந்தக் கெடுபிடியைக் குறை சொல்ல மாட்டார்கள்.

தீவுக் கடலில் இறங்கி, ஸ்நார்க்கல் என்ற சுவாசக் குழாயைக் கடித்துக்கொண்டு தலையை நீருக்குள் கவிழ்த்ததும் நான் முதலில் குடித்தது உப்புத் தண்ணீரைத்தான். இரண்டாம் முறை மூச்சு சீரானபோது, காசிமேட்டு ஏலத்தில் ஐஸுக்கடியில் நிறம் மங்கிக் கிடக்கும் கிளிமீன், நீலமும் பச்சையுமாக என் முழங்கைக்குக் கீழே நீந்தியது. அது தன் அலகால் பவளப்பாறையைக் கொறிக்கும் சத்தம், முறுக்கு கடிப்பதுபோல, நீருக்குள் அத்தனை தெளிவாகக் கேட்டது. பாறையோடு சேர்த்துத் தின்ற பாசி செரித்தபின் எஞ்சுவதை அது மணலாகக் கழிக்கிறது. நாங்கள் புளிசாதம் சாப்பிட்ட வெண்மணலில் அதன் பங்கும் உண்டு என்று சொன்னபோது அத்தை டப்பாவை மூடிவிட்டார்.

மாமா தாம் பார்த்த மீன் ஐந்து கிலோ தேறும் என்று சாதித்தார். நீருக்குள் முகமூடிக் கண்ணாடி வழியே எதுவும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும் என்பதை அவர் ஏற்கவே இல்லை.

செலவுக் கணக்கை வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கிளிமீன் இழுத்துக்கொண்டு போய்விட்டது. திங்கட்கிழமை பூங்காவுக்கு விடுமுறை என்பதையும், மழைக்காலத்தில் ஜாலி பாய்க்குப் பதிலாக ரெட் ஸ்கின் தீவுக்குத்தான் விடுவார்கள் என்பதையும், டாக்சி பேசும்போதே வெயிட்டிங்கையும் சேர்த்துப் பேசிவிட வேண்டும் என்பதையும் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.