ஓடையில் ஒரு பைக் மீன்

தூண்டிலில் சிக்கிய சின்ன டிரவுட் மீனை இழுத்துக்கொண்டிருந்தேன். பாசிக்குள்ளிருந்து ஒரு பைக் மீன் பாய்ந்து அதைக் குறுக்காகக் கவ்விவிட்டது! கை நீளம் இருக்கும். வாத்தின் அலகு போலத் தட்டையான வாய், பச்சை உடம்பில் வெளிர் புள்ளிகள். தூண்டில் நரம்பு அறுந்தும் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. டிரவுட்டை வாய்க்குள்ளேயே திருப்பி, தலைப்பக்கமாக விழுங்கியது. என்ன அழகான வேட்டை!

முதுகுத் துடுப்பு வாலை ஒட்டி இருப்பதால்தான் நின்ற இடத்திலிருந்து அப்படிப் பாய முடிகிறது. பல்லோ கத்தி. டிரவுட்டுக்குக் கட்டும் மெல்லிய நைலான் அதற்குத் தாங்காது, தூண்டில் முள்ளும் மீனின் வாயிலேயே தங்கிவிடும், பாவம். பைக் இருக்கும் ஓடை என்று தெரிந்து, அதையே பிடிக்கப் போனால், நரம்பின் நுனியில் கம்பி கட்டுங்கள். அப்புறம், முள்ளை எடுக்க நீளமான இடுக்கி வேண்டும், விரல் வேண்டாம்.