அக்கா வீட்டு ஃபிரிட்ஜில்

மோர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தேன். தயிர்ச் சட்டிக்குப் பக்கத்தில், உடல் எடையைக் குறைக்கப் போடும் செமாக்ளுடைட் மருந்தின் ஊசிப் பேனா.

வாரம் ஓர் ஊசி. 4 மாதத்தில் அக்கா 7 கிலோ குறைந்திருக்கிறாள். இறுகிக் கிடந்த வளையல் இப்போது முழங்கைப் பக்கம் ஏறி இறங்குகிறது.

“இரண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை” என்றாள்.

அவள் நடக்காத நடையா, விடாத சோறா? அவளைச் சோம்பேறி என்றவர்கள் மீது எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. பசியை மூட்டுவது மூளை. இந்த மருந்து அங்கேதான் போய்த் தணிக்கிறது.

ஆனாலும் மனம் அடித்துக்கொள்கிறது. 2022இல் வெளியான ஆய்வில், ஊசியை நிறுத்தியவர்களுக்குக் குறைந்த எடையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டில் திரும்பிவிட்டது. கொழுப்போடு தசையும் கரைகிறது.

தசைக்குப் புரதம் வேண்டுமே என்று சுண்டலும் முட்டையும் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். நாளை காலை 6 மணிக்கு இருவரும் நடக்கப் போகிறோம்.