மில் விபத்துக்கு இழப்பீடு மறுத்தால் என்ன செய்வது

"அவன் எங்க ஆளே இல்ல, மேஸ்திரி கூட்டிட்டு வந்தவன்." தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் அரவை மில்லில் கை மாட்டியவர்களுக்கு முதலில் கிடைக்கும் பதில் இதுதான். இதைக் கேட்டுத் திரும்பிவிடாதீர்கள். மில்லின் வழக்கமான வேலைக்கு மேஸ்திரி கொண்டுவந்த ஆளுக்கும் மில் முதலாளியே பொறுப்பு என்கிறது 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் 12-வது பிரிவு. தினக்கூலி என்பதும் தடையில்லை. (2025 நவம்பர் 21 முதல் நடக்கும் விபத்துகளுக்குச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு. இங்கே சொல்வது அதற்கு முந்தையவற்றுக்கு.) இ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பதிவானவருக்கு இந்த வழி கிடையாது, அங்கேதான் கேட்க வேண்டும்.

வழக்கு நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் ஏ.ஆர். காப்பியில், அதாவது மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகலில். அரசு மருத்துவமனையில் கட்டுப் போடும்போதே எங்கே, எப்படி, எத்தனை மணிக்கு என்று விபத்துப் பதிவேட்டில் எழுதிவிடுவார்கள். கூட வந்த மில் ஆள் போலீஸ் கேஸுக்குப் பயந்து "வீட்ல வழுக்கி விழுந்துட்டாரு" என்று சொல்லிவிட்டால், அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டே எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையை ஓட்டிவிடுவார். வலியில் துடிப்பவரால் பேச முடியாது. வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் நின்று "மில்லுல, எலிவேட்டர் பெல்ட்டுல" என்று சொல்லியே ஆக வேண்டும். தப்பாகப் பதிவாகிவிட்டதா? அன்றே காவல் நிலையத்தில் எழுத்துப் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) வாங்குங்கள். நாள் தள்ளத் தள்ள அதன் மதிப்பு குறையும்.

கூலிக்கு ரசீது இருக்காது. ஜிபேயில் வந்த பணம், மேஸ்திரியின் நோட்டு, உடன் வேலை பார்த்தவர் சாட்சியம் போதும்.

வக்கீலுக்குக் காசில்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-ஐ அழையுங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர் ஆகியோருக்கு வருமான வரம்பே இல்லை. ஆணைக்குழு அமர்த்தும் வக்கீலுக்கு நீங்கள் ஒரு பைசா தர வேண்டாம், வரும் தொகையில் பங்கும் கிடையாது.

மனு போவது சிவில் கோர்ட்டுக்கு அல்ல, தொழிலாளர் துறையின் இழப்பீட்டு ஆணையரிடம். கெடு 2 ஆண்டு. திருப்பூரில் அடிபட்டு மன்னார்குடிக்குத் திரும்பியவர் சொந்த ஊருக்குரிய ஆணையரிடமே போடலாம். இது தெரியாமல் அலைபவர்கள் நிறையப் பேர். மில்லுக்குக் காப்பீடு இருந்தால் அந்த நிறுவனத்தையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள்.

தொகையை நீங்களே போட்டுப் பார்க்கலாம். வயது 40, மாதக் கூலி 12,000, கட்டைவிரல் முழுதாகப் போய்விட்டது. கூலியில் 60 சதவீதம் 7,200. சட்டத்தின் அட்டவணையில் 40 வயதுக்கான காரணி (பெருக்க வேண்டிய எண்) 184.17. பெருக்கினால் 13,26,024. கட்டைவிரலுக்கு அட்டவணையில் 30 சதவீதம், ஆக ஏறக்குறைய 3,97,800 ரூபாய். ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12 சதவீத வட்டியும் உண்டு.

அதனால்தான் "இருபதாயிரம் வாங்கிக்கிட்டு கையெழுத்துப் போடு" என்று பத்திரத்தை நீட்டுவார்கள். போடாதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தாலும் மனம் தளர வேண்டாம். உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்பது 17-வது பிரிவு.

உத்தரவு வந்தும் முதலாளி கட்டவில்லையா? ஆணையரிடமே வசூல் மனு கொடுங்கள். நிலவரி பாக்கியைப் போல வருவாய்த் துறை மூலம் வசூலிக்க அவருக்கு அதிகாரம் இருக்கிறது.