கையெழுத்து இருந்தும் செல்லாமல் போன சூப்பர்விஷன் மணிநேரங்கள்

மனநல ஆலோசகராகப் பதிவு பெறத் தேவையான சூப்பர்விஷன் மணிநேரங்களை, அதாவது அனுபவமுள்ள ஒருவரோடு உட்கார்ந்து நம் ஆலோசனை வேலையை அலசிக் கற்றுக்கொள்ளும் மணிநேரங்களை, ஒருவழியாக முடித்துவிட்டேன். சான்றிதழும் கைக்கு வந்துவிட்டது. ஆனால் நடுவில் ஒரு பெரிய பங்கு மணிநேரங்களைச் செல்லாது என்று திருப்பி அனுப்பினார்கள். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அடுத்து இந்த வழியாக வரப்போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

படிப்பு, தேர்வு, முதல் விண்ணப்பம் எல்லாம் பிரச்சினை இல்லாமல் முடிந்தன. வேலையில் சேர்ந்த பிறகுதான் சிக்கல் தொடங்கியது. அங்கே என் மேலாளரையே எனக்குச் சூப்பர்வைசராகவும் போட்டார்கள். விதியில் அதற்குத் தடை இல்லை. நானும் சரி என்றேன்.

வாரம் ஒரு மணி நேரம் உட்காருவோம். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் பாதியில் நின்றார்கள், ரிப்போர்ட் ஏன் தாமதம், அடுத்த மாதம் யார் லீவு என்று இதிலேயே நேரம் போய்விடும். கடைசிப் பத்து நிமிடத்தில், "கேஸ் ஏதாவது கஷ்டமா இருக்கா?" என்று கேட்பார். என் சம்பள உயர்வு அவர் கையில் இருக்கிறது. அவரிடம் போய், "ஒரு கிளையன்ட் வருகிற நாள் என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது" என்று எப்படிச் சொல்வது? "எல்லாம் நல்லாப் போகுது மேடம்" என்பேன். அவர் லாக் புக்கில் கையெழுத்துப் போடுவார்.

அவரைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. அவருக்கும் மேலிருந்து நெருக்கடி. அமைப்பைத்தான் சொல்கிறேன். சூப்பர்வைசருக்கு நிர்வாகம் பார்ப்பது, கற்றுக்கொடுப்பது, தாங்கிப் பிடிப்பது என்று மூன்று வேலைகள் இருப்பதாக சமூகப் பணித் துறையின் ஆல்ஃபிரட் கடூஷின் 1976-லேயே எழுதிவிட்டார். மூன்றையும் ஒரே ஆளிடம் கொடுத்து நேரத்தையும் சுருக்கினால், முதல் வேலை மற்ற இரண்டையும் விழுங்கிவிடும். பயிற்சியில் இருப்பவர்கள் சூப்பர்வைசரிடம் எதையெல்லாம் சொல்லாமல் விடுகிறார்கள் என்று உளவியலாளர் நிக்கோலஸ் லடானியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1996-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஏறக்குறைய எல்லோருமே எதையாவது மறைத்திருந்தார்கள். அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, கூடவே கோபமும் வந்தது. இவ்வளவு காலமாகத் தெரிந்த விஷயத்தை ஏன் யாரும் சரிசெய்யவில்லை?

அப்புறம்தான், இந்த மணிநேரங்களைக் காட்டி அனுப்பிய விண்ணப்பம் திரும்பி வந்தது. மூன்று குறைகள் எழுதியிருந்தார்கள். என் சூப்பர்வைசர் தன்னுடைய சூப்பர்வைசர் பதிவை நடுவில் சில மாதங்கள் புதுப்பிக்கவில்லை. அந்த மாதங்களின் மணிநேரங்கள் செல்லாது. தனி அமர்வையும் குழு அமர்வையும் ஒரே பத்தியில் எழுதியிருந்தோம்; எது எது என்று பிரித்துக் காட்ட வேண்டும். தொடக்கத்தில் போட்டிருக்க வேண்டிய எழுத்து ஒப்பந்தம் இல்லை.

இதற்குள் என் சூப்பர்வைசர் வேலையை விட்டுப் போயிருந்தார். பழைய அலுவலகத்தில் கேட்டால், போனவர்களைப் பற்றிய தகவலைத் தர முடியாது என்றார்கள். பதிவு அலுவலகத்திலோ, அவரே கையெழுத்திட்டுத் தர வேண்டும், வேறு யாரும் தர முடியாது என்றார்கள். கவுன்ட்டரில் இருந்தவர் என் கோப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "படிவம் மாறிவிட்டது, புதியதில் எழுதிக்கொண்டு வாருங்கள்" என்று நீட்டினார். புதிய படிவத்தில் எழுதிக்கொண்டு போனால், வேறொருவர் இருந்துகொண்டு, பழைய மணிநேரங்களுக்குப் பழைய படிவம்தான் வேண்டும் என்றார். போன பயணம் அத்தனையும் வீண்.

கடைசியில் என்னைக் காப்பாற்றியது ஒரு சின்னப் பழக்கம்தான். ஒவ்வொரு அமர்வுக்குப் பிறகும், அன்று என்ன பேசினோம், யார் யார் இருந்தோம் என்று நான்கு வரியில் சூப்பர்வைசருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுவேன். கிளையன்ட் பெயர் எதுவும் அதில் இருக்காது. "நன்றி, பார்த்தேன்" என்று அவர் பதில் போட்டிருப்பார். தேதி, நேரம், தனியா குழுவா என்பது எல்லாம் அதிலேயே இருந்தது. தெரிந்தவர் மூலம் அவரைக் கண்டுபிடித்துக் கேட்டேன். அந்த அஞ்சல்களைப் பார்த்து உடனே உறுதிக் கடிதம் எழுதிக் கொடுத்தார். ஒப்பந்தம் இல்லாத குறையையும் அந்தக் கடிதத்தை வைத்தே தள்ளுபடி செய்தார்கள். அவருடைய பதிவு காலாவதியாகி இருந்த மாதங்கள் மட்டும் போனது போனதுதான்.

குறைந்த மணிநேரங்களை நிரப்ப, நிறுவனத்துக்கு வெளியே ஒரு சூப்பர்வைசரிடம் சேர்ந்தேன். சூப்பர்விஷன் என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்தது அங்கேதான்.

முதல் நாள் அவர் கேஸ் எதுவும் கேட்கவில்லை. இரண்டு பக்க ஒப்பந்தத்தை எடுத்து வைத்து வரி வரியாகப் படித்தோம். எப்போது சந்திப்பது, குறிப்புகளை யார் எங்கே வைத்திருப்பது, கிளையன்ட் உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் அந்த நேரத்தில் நான் யாரை அழைப்பது, எதையெல்லாம் அவர் ரகசியமாக வைத்திருக்க முடியாது, என்னை எதை வைத்து மதிப்பிடுவார் என்பதெல்லாம் அதில் இருந்தது. அவர் மீது எனக்குப் புகார் இருந்தால் எங்கே போவது என்றுகூட எழுதியிருந்தது.

அடுத்து, கிளையன்ட்டிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி ஓர் அமர்வைப் பதிவு செய்து கொண்டுவரச் சொன்னார். என் வாய்ப்பேச்சை மட்டும் வைத்துத் தன்னால் எதுவும் சொல்ல முடியாது என்றார். பதிவை ஓடவிட்டோம். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) கிளையன்ட், "அப்பா போனதுக்கு அப்புறம் வீட்டுல..." என்று நிறுத்துகிறார். ஒரு மூச்சு இழுக்கும் சத்தம். உடனே என் குரல்: "தூக்கம் எப்படி இருக்கு?"

சூப்பர்வைசர் பதிவை நிறுத்தினார். நான் செய்தது சரியா தவறா என்று பேசவே இல்லை. "இந்த இடத்தில் உங்களுக்குள் என்ன ஓடியது?" என்று மட்டும் கேட்டார். யோசித்துப் பார்த்தேன். என் மடியில் இருந்த படிவத்தில் தூக்கம் என்ற கட்டம் காலியாக இருந்தது. வாரக் கூட்டத்தில் மேலாளர் அதைக் கேட்பார் என்ற நினைப்புதான் ஓடியது.

கிளையன்ட்டுக்கும் ஆலோசகருக்கும் நடுவே நடப்பது, ஆலோசகருக்கும் சூப்பர்வைசருக்கும் நடுவே வந்து பிரதிபலிக்கும் என்று உளப்பகுப்பாய்வாளர் ஹெரால்ட் சேர்ல்ஸ் 1955-ல் எழுதினார். அது மேலிருந்து கீழேயும், சூப்பர்வைசரிடமிருந்து கிளையன்ட் வரை, இறங்கும் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். பாடத்தில் படித்து மதிப்பெண் வாங்கிய விஷயம் அது. மேலாளர் என்னை அவசரப்படுத்தியது போலவே நானும் அந்த மனிதரை அவசரப்படுத்திக்கொண்டிருந்தேன் என்பது அந்தப் பதிவைக் கேட்டபோதுதான் உறைத்தது. பதிவை நிறுத்தி நிறுத்தி இப்படிக் கேட்கும் முறையை 1960-களில் உளவியலாளர் நார்மன் கேகன் உருவாக்கினார். அதற்குத் தேவை ஒரு ரெக்கார்டரும் பொறுமையும்தான்.

அடுத்த அமர்வில் படிவத்தைப் பையில் வைத்துவிட்டேன். கிளையன்ட் மறுபடி அதே இடத்தில் பேச்சை நிறுத்தினார். நான் எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அதுவரை வாயே திறக்காத விஷயத்தை அவராகவே சொல்லத் தொடங்கினார். சான்றிதழ் கிடைத்ததைவிட எனக்கு அதுதான் பெரிய சந்தோஷம்.

இது ஆலோசகர்களோடு நிற்கிற கதை இல்லை. என் அக்கா ஆசிரியை. வகுப்பைப் பார்வையிட வருபவர் பின் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பட்டியலில் டிக் அடித்துவிட்டுப் போவார், அதற்குப் பெயர் மேற்பார்வை என்பாள். வகுப்புக்கு முன்னால் ஆசிரியரோடு பேசி எதைக் கவனிப்பது என்று முடிவு செய்து, பார்த்து, அலசி, அப்புறம் இருவரும் உட்கார்ந்து பேச வேண்டும் என்று கல்வியாளர் ராபர்ட் கோல்ட்ஹாமர் பெயரில் 1969-ல் புத்தகமே வந்துவிட்டது. அதில் பார்ப்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் விட்டுவிட்டார்கள்.

இப்போது தொடங்குகிறவர்கள் சூப்பர்வைசரின் பதிவு எந்தத் தேதி வரை செல்லும் என்று முதல் நாளே கேளுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள், நல்லவர்கள் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். அந்தத் தேதியை உங்கள் நாட்காட்டியிலும் குறித்து வையுங்கள். கையெழுத்தை மாதக் கடைசிக்குத் தள்ளாமல் அன்றன்றைக்கே வாங்குங்கள். தனி, குழு இரண்டுக்கும் தனித்தனிப் பக்கம் வையுங்கள். மேலாளரே சூப்பர்வைசர் என்றால், நிர்வாக விஷயங்களுக்கு வேறு நேரம் ஒதுக்கித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். முடியாது என்றால் வெளியே ஒருவரைத் தேடுங்கள். மணிநேரம் முடிந்ததும் சூப்பர்விஷனை விட்டுவிடவும் வேண்டாம். பிரிட்டனின் ஆலோசகர் அமைப்பான பிஏசிபி, அங்கீகாரம் பெற்ற உறுப்பினர்களுக்கே மாதம் குறைந்தது 1.5 மணி நேரம் கட்டாயம் என்கிறது.

சூப்பர்வைசர் வேலையை விடப்போகிறார் என்று காதில் விழுந்தால், அந்த வாரமே அதுவரைக்கான மணிநேரச் சான்றை வாங்கிவிடுங்கள். அலுவலக முகவரி அவர் போன அன்றே செயலிழந்துவிடும், அதனால் அவருடைய சொந்த மின்னஞ்சலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.