கொல்லையில் புகைபோட்ட கண்காட்சி வான்கோழிக் கால்

டெக்சஸ் மாநிலக் கண்காட்சி 1886இலிருந்து டாலஸில் நடந்து வருகிறது. செப்டம்பர் கடைசியில் திறந்தால் மூன்று வாரத்துக்கு மேல் ஊரே அங்கேதான். சாசேஜை மாவில் முக்கிப் பொரித்த கார்னி டாக் ஒரு பக்கம், ராட்டினம் ஒரு பக்கம். நடுவில் பெரியவர் சின்னவர் எல்லாரும் ஆளுக்கொரு வான்கோழிக் காலைப் பிடித்துக் கடித்துக்கொண்டே நடப்பார்கள். எனக்கு அந்தக் காலின் மேல் தீராத பிரியம். அதை வீட்டிலேயே செய்யப் பழகிய பிறகு ஒன்று பிடிபட்டது: அந்த ருசி பாதிக்கு மேல் உப்புநீரிலேயே உருவாகிவிடுகிறது. புகையின் வேலை அதற்குப் பிறகுதான்.

கண்காட்சிக் காலைக் கடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது சுட்ட வான்கோழி மாதிரி இருக்காது, ஹாம் (பதப்படுத்திய பன்றித் தொடைக்கறி) மாதிரி இருக்கும். உள்ளே கறி இளஞ்சிவப்பாக இருக்கும். வேகாத கறியோ என்று என் மனைவியே முதலில் சந்தேகப்பட்டாள். அந்த நிறத்துக்கும் சுவைக்கும் காரணம் கறியைப் பதப்படுத்தப் போடும் கியூரிங் சால்ட். அதில் 6.25 சதவீதம் சோடியம் நைட்ரைட், மீதி சாதாரண உப்பு. கறியின் சிவப்பு நிறமியோடு இந்த நைட்ரைட் சேர்ந்துவிட்டால், எவ்வளவு வெந்தாலும் நிறம் பழுப்பாக மாறாது. சமையல் உப்பென்று யாரும் அள்ளிப் போட்டுவிடக் கூடாது என்பதற்காகவே அதற்கு இளஞ்சிவப்புச் சாயம் ஏற்றி விற்கிறார்கள். கடையில் கிடைக்கும் இமயமலைப் பிங்க் உப்பு முற்றிலும் வேறு. அது இந்த வேலைக்கு உதவாது. அதைவிட முக்கியம், கியூரிங் சால்ட்டை அந்த உப்பு என்று நினைத்துச் சமையலில் போட்டுவிடக் கூடாது, அது நஞ்சாகிவிடும். எங்கள் வீட்டில் அதைச் சமையலறையிலேயே வைப்பதில்லை. டப்பா மேல் கொட்டை எழுத்தில் எழுதி வேறு அலமாரியில் வைத்திருக்கிறேன்.

கால் வாங்கும்போதே கொஞ்சம் கவனம் வேண்டும். கண்காட்சியில் கிடைப்பது ஆண் வான்கோழியின் கால், நல்ல பருமன். சூப்பர்மார்க்கெட் பாக்கெட்டில் வருவது பெரும்பாலும் சிறிசு. மெக்சிகோக்காரர்களின் கறிக்கடையில் சொல்லிவைத்தால் ஒவ்வொன்றும் 600, 700 கிராம் தேறுகிற கால்களாக எடுத்து வைக்கிறார்கள். பாக்கெட் வாங்குவதானால் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். உப்புக் கரைசல் ஏற்றியது என்று போட்டிருந்தால் வேண்டாம். நாம் மறுபடி உப்பில் ஊறவைக்கும்போது கரித்துவிடும்.

நான்கு பெரிய கால்களுக்கு என் கணக்கு இது: 4 லிட்டர் தண்ணீர், 180 கிராம் உப்பு, 100 கிராம் பழுப்புச் சர்க்கரை, 17 கிராம் கியூரிங் சால்ட். எல்லாவற்றையும் தராசில் நிறுத்தே போடுகிறேன். கியூரிங் சால்ட்டில் கை அளவு, கண் அளவு கூடவே கூடாது. நன்றாகக் கரைத்து, குளிரவைத்து, கால்கள் முழுக முழுக ஊற்றி ஃபிரிட்ஜில் இரண்டு நாள். எலும்பை ஒட்டிய கறி வரை உப்புநீர் தானாகப் போய்ச்சேர நாளாகும். அதனால் சமையலுக்கென்று விற்கும் ஊசியால் அதே நீரை எலும்போரமாக நாலைந்து இடத்தில் ஏற்றிவிடுகிறேன். ஏற்றாவிட்டால் வெட்டிப் பார்க்கும்போது நடுவில் சாம்பல் நிறத் திட்டு இருக்கும், அந்த இடத்தில் ஹாம் ருசியும் இருக்காது.

மிளகாய்த்தூள், கரம் மசாலா எல்லாம் தடவலாமே என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். தடவினால் அதுவும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் கண்காட்சிக் கால் கிடைக்காது. நான் மிளகோடு நிறுத்திக்கொள்கிறேன். ஊறியதை அலசித் துடைத்து, கம்பித்தட்டில் வைத்து, மூடாமல் ஓர் இரவு ஃபிரிட்ஜில் விட வேண்டும். தோல் காய்ந்து தொட்டால் லேசாக ஒட்டும் பதம் வரும். அந்தப் பதத்தில்தான் புகை சீராகப் பிடிக்கிறது. ஈரத்தோடு வைத்தால் நிறம் திட்டுத்திட்டாக வரும்.

என்னிடம் புகைபோடுவதற்கென்று தனி அடுப்பு, அதாவது ஸ்மோக்கர், கிடையாது. வட்டமான வெபர் கரியடுப்பே போதுமானதாக இருக்கிறது. அச்சில் அழுத்திய கட்டிகளாக வரும் பிரிக்கெட் கரியை உள்விளிம்பையொட்டிப் பாதி வட்டத்துக்கு இரட்டை வரிசையாக அடுக்கி, ஒரு முனையில் மட்டும் நாலைந்து கனிந்த கரியை வைத்தால், நெருப்பு பாம்பு மாதிரி மெல்ல ஊர்ந்து போகும். வரிசையின் மேல் அங்கங்கே பீக்கன் மரக்கட்டை. டெக்சஸின் மாநில மரமே பீக்கன்தான், அதன் புகை மென்மையானது. மெஸ்கீட் மரக்கட்டை இதற்கு வேண்டாம், அதன் புகையில் காரம் அதிகம். நடுவில் ஒரு அலுமினியத் தட்டில் தண்ணீர். மேல் துளையை முழுக்கத் திறந்துவிட்டு, கீழ்த் துளையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி 250 பாரன்ஹீட்டில், அதாவது ஏறத்தாழ 120 செல்சியஸில் நிறுத்துகிறேன். முதலில் வெள்ளையாகக் குபுகுபுவென்று வருகிற புகையில் கறியை வைக்காதீர்கள், கசந்துவிடும். அது அடங்கி, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத மெல்லிய நீலப் புகை வந்ததும் வைக்க வேண்டும். இந்தப் பொறுமைதான் வேலையிலேயே கடினமான பகுதி.

மூன்று மணி நேரத்திலிருந்து நான்கு மணி நேரம் பிடிக்கும். கடிகாரத்தை நம்பாமல் வெப்பமானியை நம்புங்கள், அதன் முனை எலும்பைத் தொடாதபடி குத்துங்கள். 165 பாரன்ஹீட் தொட்டாலே கோழிக்கறி பாதுகாப்புதான். ஆனால் வான்கோழிக் காலை அப்போது எடுத்தால் ரப்பர் மாதிரி இழுக்கும். நாள் முழுக்க நடந்த கால் அது, இணைப்புத்திசு அதிகம். 180 வரை விட்டால் அதெல்லாம் உருகி, கறி எலும்பிலிருந்து இளகிவரும். குச்சி போன்ற தசைநாண்கள் மட்டும் எதற்கும் மசியாது. அவற்றை இடுக்கியால் முன்பே உருவிவிடுகிறவர்களும் உண்டு. கையில் பிடித்துக் கடித்துத் தின்பதற்கு அவை இருந்தாலும் பாதகமில்லை என்று நான் விட்டுவிடுகிறேன்.

எடுத்ததும் அலுமினியத் தாளில் சுற்றிக் கால் மணி நேரம் வைத்தால் தோல் இளகும். அதன் நிறம் பழைய தேக்குப் பலகை நிறம். மகன் கேட்கும் முதல் கேள்வி, எது பெரிய கால் என்பதுதான்.

இதை நான் மாதாமாதம் செய்வதில்லை. பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை 2015இல் சேர்த்திருக்கிறது. நைட்ரைட் போட்ட எதுவும் அதில் அடக்கம். ஆகவே எங்களுக்கு இது விசேஷ நாள் சாப்பாடு மட்டுமே.

மிஞ்சிய எலும்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அமெரிக்கத் தென்மாநிலங்களில் காராமணியைப் புகைபோட்ட வான்கோழியோடு வேகவைக்கும் வழக்கம் உண்டு. ஊறிய காராமணி, எலும்பு, ஒரு வெங்காயம், நாலு பல் பூண்டு, மூழ்கத் தண்ணீர். காராமணி குழைந்ததும் ஒட்டியிருக்கும் கறியை உதிர்த்துப் போட்டுச் சோற்றில் பிசைந்து சாப்பிடலாம். உப்பு மட்டும் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள், பெரும்பாலும் தேவைப்படாது.