ஆப் வந்திச்சு, நுளம்பு போகல்ல

திருகோணமலையில ஒரு டெங்கு ப்ரொஜெக்ட்ல கொஞ்சக் காலம் வேலை செஞ்சன். டேட்டா பார்க்கிற வேலைதான், ஆனா பாதி நாள் ஃபீல்ட்ல. எங்கட பெரிய சாமான் ஒரு ஆப். தண்ணி தேங்கி நிக்கிற இடத்த வீட்டுக்காரர் போட்டோ எடுத்து அனுப்பினா மெப்ல சிவப்புப் புள்ளி விழும், பிஎச்ஐ, அதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பார்த்திட்டு வருவார், இதான் ஐடியா. கொழும்புல இருந்து வந்த ஆக்களுக்கு டெமோ காட்டேக்க எல்லாரும் கை தட்டினாங்க, உண்மையாவே வடிவாத்தான் இருந்திச்சு.

கிண்ணியாப் பக்கம் போனாப் பிறகு கதை வேற. 2017ல டெங்கு போட்டுத் தாக்கின ஊர் அது, அந்த வருசம் நாடு முழுக்க 1 லட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல டெங்கு எண்டு பதிவாச்சு, அதால அங்க ஒருத்தருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்ல. ஒரு உம்மா குளிக்கிற சீமெந்துத் தொட்டியக் காட்டி, "மகன், பைப்ல தண்ணி நிண்டு நிண்டுதான் வருது, தேக்கி வைக்காம என்ன செய்ய? போட்டோ அனுப்பினா தண்ணி வருமா?" எண்டு கேட்டா. எங்கட ஃபோர்ம்ல இதுக்கு ஒரு கட்டமும் இல்ல, "ஏனையவை"க்குள்ள போட்டன்.

டெங்கு நுளம்பு முட்டை போடுறது தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் மேல, தொட்டிச் சுவர்ல, காய்ஞ்சு போனாலும் மாசக்கணக்கா உயிரோட கிடக்கும், திரும்பத் தண்ணி பட்டா பொரிக்கும். அதால தண்ணிய ஊத்தினா மட்டும் காணாது, கிழமைக்கு ஒருக்கா சுவரத் தேய்ச்சுக் கழுவணும், அடுத்த கிழமையும், அடுத்த வருசமும். இத எப்பிடி டெமோ காட்டுறது? ஃபண்ட் குடுக்கிறவங்களுக்குப் புதுசா ஒண்டு வேணும், அது ப்ரொஜெக்ட் முடியிற திகதிக்குள்ள முடியவும் வேணும். அப்ப கெட்டிக்காரப் பெடியன்கள் எல்லாம் ஆப் பக்கம், பைப்ல ஒழுங்காத் தண்ணி குடுக்கிற பக்கம் ஆள் இல்ல.

மலேரியாவுக்கு முந்தி மருந்தடிச்ச ஒரு பெரியவரோட கதைச்சப்பதான் எனக்கு இது விளங்கிச்சு. இலங்கையில 1963ல வெறும் 17 பேருக்குத்தான் மலேரியா, சரி முடிஞ்சுது எண்டு தெளிக்கிற வேலையக் குறைச்சிட்டாங்க, 1969ல 5 லட்சத்துக்கு மேல. பிறகு சண்டைக்குள்ளயும் விடாம விரல்ல குத்தி ரத்தம் பார்த்து, 2012 ஒக்டோபரோட உள்ளூர்த் தொற்று நிண்டு, 2016ல உலக சுகாதார நிறுவனம் மலேரியா இல்லாத நாடு எண்டு சொல்லிச்சு. இடையில மருந்து, நுளம்பு வலை எல்லாம் புதுசா வந்தது உண்மை, ஆனா அவர் சொன்னது "நோய் இல்லாத ஊர்லயும் போய் ரத்தம் எடுத்தம் தம்பி, அதுதான் வேலை" எண்டு.

புதுசு கூடாது எண்டு சொல்லல்ல. நுளம்புக்குள்ள டெங்கு வைரஸ் பெருகாமத் தடுக்கிற வொல்பேக்கியா எண்ட பக்டீரியா ஏத்தின நுளம்ப 2011ல அவுஸ்திரேலியாவுல வெளிய விட்டாங்க, இந்தோனேசியாவுல யோக்யகர்த்தாவுல டெங்கு 77 வீதம் குறைஞ்சுது எண்டு ரிசல்ட் வந்தது 2021ல. அவ்வளவு காலம் பொறுத்துக் காசு போட ஆள் இருந்திச்சு, அதான் வித்தியாசம்.

எங்கட ஆப் ப்ரொஜெக்ட் முடிஞ்ச கையோட சேர்வர் காசு கட்ட ஆளில்லாம நிண்டு போச்சு. இப்ப வேறொண்டு வருதாம், இந்த முறை ட்ரோனாம். நானும் சிவி குடுத்திருக்கன், சம்பளம் நல்லம்.