வாங்காத கிழங்கு

எங்கள் நாற்றுப்பண்ணையில் ஒரு விதி உண்டு. காட்டிலிருந்து தோண்டிய எதுவும் உள்ளே வரக் கூடாது. விதை வரலாம், கிழங்கு வரக் கூடாது. விதியை எழுதியவர்களில் நானும் ஒருவன். அதனால் அந்த மனிதர் சிமென்ட் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்த நீலகிரி லில்லிக் கிழங்கை நான் வாங்கவில்லை.

அவர் கேட்டது பெரிய உதவி இல்லை. "தம்பி, இதை உங்கள் இடத்தில் எங்காவது ஓரமாக ஊன்றி வையுங்கள்." நான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்: "அண்ணா, எடுத்த இடத்திலேயே திரும்ப நட்டுவிடுங்கள்." "அந்த இடத்தில் இப்போது ஜேசிபி நிற்கிறது" என்றார். குரலில் கோபமும் இல்லை, கிண்டலும் இல்லை. ஏதோ கட்டட வேலையில் மேஸ்திரியாக இருந்தவர் என்று பேச்சில் தெரிந்தது. விதியை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். சாக்கை மறுபடி சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

இதில் நான் சொன்ன காரணம் எதுவும் பொய்யில்லை. லில்லிக் கிழங்கில் வைரஸ் ஒளிந்திருக்கும். செடி பார்க்க நன்றாகவே இருக்கும். அசுவினிப் பூச்சி ஒன்று அதில் சாற்றை உறிஞ்சிவிட்டுப் பக்கத்துப் பாத்திக்குப் போனால் போதும், எங்கள் பல வருட உழைப்பு முடிந்தது. லில்லி வைரஸ்கள் பெரும்பாலும் விதை வழியாகக் கடப்பதில்லை. விதையிலிருந்து வளர்ப்பதில் எங்களுக்கு இருக்கும் பிடிவாதத்துக்குப் பாதிக் காரணம் இதுதான். மீதிக் காரணம், பல செடிகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்த விதையில் பல விதமான பிள்ளைகள் கிடைக்கும். ஒரு கிழங்கு எத்தனை வருடம் பிழைத்தாலும் அதே ஒரு செடிதான்.

விதை வேலை பொறுமையைச் சோதிக்கும் வேலை. காய் முற்றி மூன்று அறைகளாகப் பிளக்கும்போது, உள்ளே தட்டை விதைகள் சீட்டுக்கட்டு போல அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். நடுவில் மெல்லிய கோடாகக் கரு தெரிந்தால் அது விதை, தெரியாவிட்டால் பதர். மட்கிய இலையும் மணலும் கலந்த தட்டில் பரப்பி, மேலே மண்ணைத் தூவினால் போதும். முளைத்து வருவது ஒற்றை இலை. களை எடுக்கப் புதிதாக வருபவர்கள் அதைப் புல் என்று நினைப்பதில் வியப்பில்லை. அதிகமாக நீர் தெளித்தால் நாற்று அழுகும், மறந்தால் காயும். நத்தைக்கும் அது பிடிக்கும். சனவரி உறைபனிக்கு நிழல்வலை மட்டும் போதாது. இதையெல்லாம் தாண்டிப் பூ வரச் சில வருடங்கள் ஆகும். அந்த மனிதர் கொண்டுவந்த கிழங்கின் பருமனைப் பார்த்தால், அது இந்தக் கட்டங்களையெல்லாம் மலைச்சரிவில் தானாகவே கடந்து வந்தது தெரியும். அடுத்த ஆகஸ்டிலேயே வெள்ளையாக, சாணளவு நீளத்துக்குப் பூத்திருக்கும்.

பண்ணையில் என்னோடு வேலை செய்யும் அக்கா அன்றைக்கே கேட்டார்: "ஒரு பழைய பக்கெட்டில் போட்டுக் கழிவறைப் பக்கம் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?" ஒன்றும் ஆகியிருக்காது. பாத்திகளிலிருந்து அந்த இடம் எவ்வளவோ தள்ளி. அவரிடம் நான் வேறு பதில் சொன்னேன். இன்றைக்கு ஒன்றை வாங்கினால் நாளைக்குப் பத்து பேர் வருவார்கள், பத்து பேரும் ஜேசிபி என்றுதான் சொல்வார்கள் என்றேன். இதுவும் உண்மைதான். அழகான பூ என்பதற்காகக் கிழங்கைத் தோண்டித் தொட்டியில் வைத்துக் கொல்பவர்களை இந்த மலையில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் வந்தவர் அப்படிப்பட்டவராகத் தெரியவில்லை. வீட்டில் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டவர் எங்களிடம் ஏன் கொண்டுவர வேண்டும்?

யோசித்துப் பார்த்தால் இந்தச் செடியை உலகுக்குச் சொன்னவர்களும் தோண்டியவர்கள்தான். கம்பெனி காலத்து மருத்துவர் ராபர்ட் வைட் இதற்கு நீலகிரியின் பெயரையே வைத்தார். அவருக்கு யாரோ ஒருவர் கிழங்கோடு பிடுங்கிக் கொடுக்காமலா இருந்திருப்பார்? அதற்குப் பின் வந்தவர்கள் இந்த லில்லி வளரும் புல்வெளியைத் தரிசு என்று சொல்லிக் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வாட்டில்) நட்டார்கள். தேயிலையும் புல்வெளியைத் தின்றது. இத்தனைக்கும் நடுவே ஒரு மேஸ்திரியின் சிமென்ட் சாக்கைத்தான் நான் சட்டம் பேசித் தடுத்து நிறுத்தினேன்.

என்னை உறுத்துவது கிழங்குகூட இல்லை. எந்தச் சரிவு என்று நான் கேட்கவில்லை. நீலகிரியில் மண் தோண்டும் இயந்திரங்களுக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. அந்த இயந்திரத்துக்கு அனுமதி இருந்ததா என்று விசாரித்திருக்கலாம். இல்லாவிட்டாலும், மிச்சம் நின்ற செடிகளில் காய் இருந்ததா என்றாவது பார்த்திருக்கலாம். விதைதான் எங்கள் வேலை என்று அவருக்கு அவ்வளவு நேரம் பாடம் எடுத்துவிட்டு, விதை கிடைத்திருக்கக்கூடிய இடத்தை விட்டுவிட்டேன். ஒருவேளை இந்தக் கேள்வி அப்போது மனதில் எழுந்திருக்கலாம். கேட்டால் போக வேண்டியிருக்கும் என்பதால் கேட்காமல் இருந்தேனோ என்னவோ. அன்றைக்கு வேலை அதிகம் என்பதும் உண்மை.

பிறகு நடந்த கூட்டத்தில், கட்டட வேலையில் அழியப்போகும் கிழங்குகளுக்கு மட்டும் தனியாக ஓர் இடம் ஒதுக்கலாம் என்று பேச்சு வந்தது. எதிர்த்துப் பேசியவன் நான்தான். வைரஸ், வரிசையில் நிற்கப்போகும் பத்து பேர், எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். விதி அப்படியே இருக்கட்டும் என்று முடிவானது. வெளியே வந்ததும் அக்கா, "அவர் திரும்ப வந்தால் என்ன சொல்லி அனுப்புவது?" என்றார். "என்னைக் கூப்பிடுங்கள்" என்றேன். கிழங்கை வாங்கத்தான் கூப்பிடச் சொல்கிறேனா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ.